சுண்டு விரலுக்கும் சேர்த்து 1,200 ரூபாயா?

வணக்கம், காரைக்குடியிலிருந்து உங்கள் கிடார் அக்கா. முதலில் என் வலது கையைப் பாருங்கள். நகம் ஒன்றுகூட இல்லை, ஒட்ட வெட்டியாயிற்று. சின்ன வெங்காயம் உரிக்கும்போது மோதிர விரல் நகம் பிளந்துவிட்டது என்று போன வீடியோவில் புலம்பினேன் அல்லவா, அதன் தொடர்ச்சிதான் இது.

தந்தியை மீட்டச் செயற்கையாக ஜெல் நகம் வைத்துக்கொள்ளலாம் என்று ஓர் அழகு நிலையத்துக்குப் போனேன். எந்தக் கடை என்று கேட்காதீர்கள். "வலது கையில் நான்கு விரலுக்கு மட்டும் போதும்" என்றேன். கிடாரில் சுண்டு விரல் சும்மா வேடிக்கைதான் பார்க்கும். "அக்கா, பத்து விரலுக்கும் சேர்த்து 1,200 ரூபாய். பிரித்துப் போடுவதில்லை" என்றது அந்தப் பெண். இடது கையில் நகம் வளர்ந்தால் தந்தியை அழுத்தவே முடியாது, அம்மா! "அப்படியென்றால் இடது கைக்குப் போடவில்லை, ஆனால் விலை அதேதான்." போடாத ஆறு நகத்துக்கும் நான் பணம் கட்ட வேண்டுமாம்! நகம் வளர வளர அடியில் இடைவெளி விழும், அதை நிரப்பத் தனிக் கட்டணம். அந்தக் காசுக்கு ஒரு செட் நைலான் தந்தி வாங்கி, மீதியில் வெள்ளைப் பணியாரம் சாப்பிடலாம். எழுந்து வந்து நகவெட்டியை எடுத்துவிட்டேன்.

விரல் சதையால் வாசிப்பது பழைய வழக்கம்தான். 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுக் கிடார் கலைஞர் ஃபெர்னாண்டோ சோர் நகமில்லாமல் வாசித்தார். அவருடைய நண்பர் அகுவாதோ நகக்காரர். இருவரும் பாரிஸில் சேர்ந்தே வாசித்தார்கள். 1909இல் மறைந்த இன்னொரு ஸ்பெயின் கிடார் மேதை தாரெகாவும் கடைசிக் காலத்தில் நகத்தை விட்டுவிட்டார். "அவர்களுடையது ஆட்டுக் குடலில் செய்த தந்தி, விரலுக்குப் பிடி கொடுக்கும். உன்னுடையது 1940களில் வந்த நைலான், வழுக்கும்" என்பார் என் ஆசிரியர். வழுக்கத்தான் செய்கிறது. அதற்காகத் தந்தியைச் சுரண்டாதீர்கள். நுனிச் சதையைத் தந்தியில் பதித்து, கிடாரின் பலகையை நோக்கிக் கொஞ்சம் அழுத்தி, அப்படியே விடுங்கள். இதோ.

(வாசிக்கிறார்)

கேட்டீர்களா? நகத்தில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முன்னால் வரும் 'டிக்' சத்தம் போயே போய்விட்டது! ஒலி குறைவு, ஒப்புக்கொள்கிறேன். கல்யாண மண்டபத்தில் மைக் இல்லாமல் எடுபடாது. எங்கள் வீட்டுப் பட்டாலைக் கூடத்தில், ஆத்தங்குடிக் கல் தரையில், தாராளமாகக் கேட்கிறது. ஒரே ஸ்வரத்தை விரல் மாற்றி மாற்றி வேகமாக மீட்டும் டிரெமோலோவுக்கு நகம்தான் சுலபம் என்கிறார்கள். எனக்கு அந்தச் சிணுங்கலே ஆகாது, ஆகவே நஷ்டமில்லை.

அடடா, முக்கியமானதை விட்டுவிட்டேன். வெட்டினால் மட்டும் போதாது. உள்ளங்கையை உங்கள் பக்கம் திருப்பிப் பார்க்கும்போது சதைக்கு மேலே நகம் எட்டிப் பார்க்கக் கூடாது. அரைகுறையாக விட்டால் தந்தி முதலில் சதையில், பிறகு நகத்தில் என்று இரண்டு முறை இடறும். பாத்திரம் கழுவிய கையோடு உட்காராதீர்கள், ஊறிய நுனி ஒட்டும். காய்ப்பு விழுந்து சொரசொரத்தால் மிக நைசான உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். கீழ் ஸ்தாயித் தந்திகள் மூன்றிலும் உலோகச் சுற்று உண்டு, எண்ணெய் அதற்குள் இறங்கினால் ஒலி செத்துவிடும்.

நகம் போனதில் அப்பத்தாவுக்குத்தான் கொண்டாட்டம். சீடை உருட்ட இனி நான் சாக்குச் சொல்ல முடியாதாம். கூப்பிடுகிறார்கள், வருகிறேன்.