கால் கடுக்க நின்றவர்கள்

(டிசம்பர் 13 நாடாளுமன்றத் தாக்குதல் நினைவுக் கூட்டத்தில் பேசியது)

அவைத்தலைவர் அவர்களே, என் பெயருக்கு முன்னால் நான்கு பட்டங்களைச் சேர்த்துவிட்ட வரவேற்புரையாளர் அவர்களே, ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே, உடன் வந்திருக்கும் அம்மா அவர்களே, மைக் செட் தம்பி, எல்லாருக்கும் வணக்கம். மேடையின் நடுவில் இருக்கும் நாற்காலி சிறப்பு விருந்தினருக்கு உரியது. வந்துகொண்டே இருக்கிறார் என்று ஆறு மணியிலிருந்து சொல்கிறார்கள். வழியில் இருக்கும் அவருக்கும் வணக்கம்.

நாடாளுமன்றக் காவலர்கள் உருவான கதை, அவர்கள் செய்த தியாகம், பெறும் பயிற்சி என்று மூன்று தலைப்பு அழைப்பிதழில் போட்டிருக்கிறது. பார்ப்போம்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். டெல்லி மத்திய சட்டசபைக்கு அந்தத் தலைவலி 1929 ஏப்ரல் 8 அன்று வந்தது. பகத் சிங்கும் படுகேஷ்வர் தத்தும் பார்வையாளர் மாடத்திலிருந்து குண்டு வீசினார்கள், துண்டறிக்கை வீசினார்கள், ஓடாமல் நின்று கைதானார்கள். யாரும் சாகவில்லை, சாகடிப்பது அவர்கள் நோக்கமும் இல்லை. ஆனால் சபைக்குள் காவல் யார் கையில் என்ற கேள்வி கிளம்பிவிட்டது. சபைத் தலைவர் வித்தல்பாய் படேலுக்கு வெள்ளைக்கார அரசின் போலீஸ் கையில் அதை விட மனமில்லை. சபைக்கே கட்டுப்பட்ட காவலர்கள் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அப்படிப் பிறந்ததுதான் ‘வாட்ச் அண்டு வார்டு’. 2009-இல் நாடாளுமன்றப் பாதுகாப்புச் சேவை என்று பெயர் மாற்றினார்கள். பழையவர்கள் வாயில் பழைய பெயர்தான் வரும், எனக்கும் அப்படியே.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லியாக வேண்டும். பல வருஷம் முன்பு ஒரு எம்.பி.யின் தயவில் எனக்கு மாடத்துக்கு அனுமதிச் சீட்டு கிடைத்தது. வாசலில் பேனாவை வாங்கிக்கொண்டார்கள். சில்லறையை வாங்கிக்கொண்டார்கள். மடித்து வைத்திருந்த திருநீற்றுப் பொட்டலத்தை ஒருவர் பிரித்து, முகர்ந்து, இன்னொருவரிடம் காட்டி, கடைசியில் தன் நெற்றியிலும் கொஞ்சம் இட்டுக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். உள்ளே போனால் ஏதோ மானியக் கோரிக்கை. கண் சொருகியது. கால்மேல் கால் போட்டேன். சபாரி உடையில் ஒருவர் சத்தமில்லாமல் வந்து என் முழங்காலைக் காட்டினார். இறக்கினேன். ஐந்து நிமிடத்தில் கால் தானாக ஏறிவிட்டது. மறுபடி வந்தார். மூன்றாவது தடவை அவரைப் பார்த்தாலே இறக்கிவிட்டேன். அப்புறம் சபையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஷூவுக்குள் ஒரு குதிகாலை மெல்லத் தூக்குவார், இறக்குவார், மற்றதைத் தூக்குவார். முகம் மட்டும் அசையாது. வெளியே வந்ததும், “உட்காரவே மாட்டீர்களா?” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். “உட்கார்ந்தால் உங்களை மாதிரித்தான் சார், தூக்கம் வந்துவிடும்” என்றார் நல்ல தமிழில்! (கைதட்டல்)

2001 டிசம்பர் 13. வெள்ளை அம்பாசடர் காரில் ஆயுதங்களோடு ஐந்து பேர் வளாகத்துக்குள் வந்துவிட்டார்கள். வாட்ச் அண்டு வார்டைச் சேர்ந்த ஜகதீஷ் பிரசாத் யாதவ், மத்பர் சிங் நேகி இருவரும் உயிரைக் கொடுத்தார்கள். மத்திய ரிசர்வ் போலீஸ் காவலர் கமலேஷ் குமாரியின் கையில் வாக்கி டாக்கி மட்டும்தான். கத்தி எச்சரித்தார், சுட்டுவிட்டார்கள். டெல்லி போலீஸார் இறந்தார்கள், ஒரு தோட்டக்காரரும் இறந்தார். கதவுகள் சாத்தப்பட்டுவிட்டதால் கொலையாளிகளில் ஒருவராலும் கட்டடத்துக்குள் நுழைய முடியவில்லை. நான் சொன்ன மூவருக்கும் அசோக சக்கரம் கொடுத்தார்கள், மறைவுக்குப் பின்.

சரி, நான் எங்கே வருகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். நின்று காவல் காப்பவருக்கு உட்கார நாற்காலி வேண்டும் என்று இருபது மேடையில் சொல்லியிருக்கிறேன், நீதிபதி ஐயா சிரிக்கிறார். காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. அசையாமல் நின்றால் அந்தப் பம்பு வேலை செய்யாது. ரத்தம் தேங்கும், கால் வீங்கும், நரம்பு சுருண்டு புடைக்கும். பதக்கம் வாங்கினவர் காலுக்கும் இதே கணக்குத்தான். 2018-இல் கேரளமும் 2021-இல் நம் மாநிலமும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தின. அது கடைகளுக்கு. அரசுக் கட்டட வாசலில் நிற்பவருக்கு? எட்டு மணி நேரமும் உட்காரட்டும் என்று கேட்கவில்லை. மணிக்குப் பத்து நிமிடம், முறை வைத்து. ஒரு அலுவலகத்தில் இதை மனுவாக எழுதிக் கொடுத்தேன். உட்கார்ந்தபடியே வாங்கிப் படித்த அதிகாரி, “காவல்காரன் உட்கார்ந்தால் கம்பீரம் போய்விடும்” என்றார். தலைவலியும் காய்ச்சலும் என்று ஆரம்பித்தேன், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

பயிற்சியைப் பற்றி... தலைவர் மணி அடிக்கிறார். இன்னொரு நாள்.

மனு நகல் வாசல் மேஜையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். அந்த மேஜைக்குப் பக்கத்தில் இந்த மண்டபத்துக் காவலர் ஐந்து மணியிலிருந்து நிற்கிறார். தம்பி, மேடையில் காலியாக இருக்கிற இந்த நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் போடு. துண்டை எடுத்துவிடு. என்ன, வேண்டாம் என்கிறாரா? பக்கத்தில் வைத்துவிட்டு வா, நாம் பார்க்காதபோது உட்காருவார்.