ஜோன் மெக்லாஃப்லின்: சக்தியில் தொடங்கிக் கேட்டால்

(திரையில்: பகல் வெளிச்சத்தில் மட்டக்களப்பின் கல்லடி. மேசையில் ஒரு கிட்டார்.)

வணக்கம், மட்டக்களப்பிலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு ஜாஸ் கிட்டார்.

இந்த ஊருக்குக் கிட்டார் புதிதல்ல. ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் வயலினோடு கிட்டாரும் சேர்ந்து கப்ரிஞ்ஞா நடன இசை வாசிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே நிறைய. ஆனால் ஜாஸ் என்றதும், "அது நமக்குப் பிடிபடாது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பிடிபடும். எந்த வாசலால் உள்ளே போகிறோம் என்பதுதான் விஷயம்.

எனக்குத் தெரிந்த நல்ல வாசல் ஜோன் மெக்லாஃப்லின். 1942இல் இங்கிலாந்தின் டொன்காஸ்டரில் பிறந்தவர். ஜாஸ் ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸோடு வாசித்திருக்கிறார். மின்கிட்டாரோடு ராக் வேகத்தில் ஒரு குழு நடத்தியிருக்கிறார். ஸ்பானிய ஃப்ளமெங்கோ கிட்டார் மேதை பாகோ டி லூசியாவோடு மேடை ஏறியிருக்கிறார். கடம், மிருதங்கம், தபேலாவுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தும் வாசித்திருக்கிறார். வழக்கமாக இவரை 1969இல் தொடங்கி ஆண்டு வரிசைப்படி கேட்கச் சொல்வார்கள். நீங்கள் அப்படிக் கேட்க வேண்டாம். 1975இல், இந்திய வாத்தியக்காரர்களோடு அவர் நடத்திய சக்தி குழுவில் தொடங்குங்கள். அங்கே நம் காதுக்குப் பழக்கமான தரை இருக்கிறது. அதில் நின்றுகொண்டு பின்னோக்கிப் போகலாம்.

(திரையில்: சக்தி குழுவின் முதல் அல்பத்தின் அட்டை.)

1975 ஜூலை 5. நியூயோர்க் மாநிலத்தின் சவுத்ஹாம்டனில் ஒரு கல்லூரிக் கச்சேரி. அதன் ஒலிப்பதிவுதான் அடுத்த ஆண்டு வெளிவந்த சக்தியின் முதல் அல்பம். கிட்டார் மெக்லாஃப்லின், வயலின் எல். சங்கர், தபேலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராகவன். முதல் பாட்டு 'ஜோய்', பதினெட்டு நிமிடம். கிட்டாரும் வயலினும் ஒரே வரியை அசுர வேகத்தில் சேர்ந்து வாசிக்கும் இடங்களைக் கவனியுங்கள். இரண்டில் எது எது என்று பிரிக்க முடியாமல் போகும்.

அந்த வயலின்காரரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லத்தான் வேண்டும். சங்கர் சென்னையில் பிறந்தவர், ஆனால் சிறுவயதில் வளர்ந்தது நம் நாட்டில். அவருடைய தந்தை வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். தமிழருக்கு எதிரான 1958 கலவரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் இந்தியாவுக்குத் திரும்பிப் போனது. பிறகு சங்கர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் படித்தார். மெக்லாஃப்லினும் அதே பல்கலைக்கழகத்தில்தான், டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். உலகமே பேசிய ஒரு குழுவின் வயலினுக்குப் பின்னால் யாழ்ப்பாணத்துப் பாடமும் இருக்கிறது. இது நம் ஆட்களுக்கே அதிகம் தெரியாது என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வீணை கற்றதன் பலன் கிட்டாரிலேயே தெரிகிறது.

(திரையில்: கிட்டார் கழுத்தும் வீணையின் மெட்டுகளும் அருகருகே.)

சாதாரணக் கிட்டாரில் தந்தியை அழுத்தினால் விரல் மரத்தில் முட்டும். வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்கின்றன. கீழே இடம் இருப்பதால் தந்தியை இழுத்து ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகலாம். கமகம் அப்படித்தான் பிறக்கிறது. அதைக் கிட்டாரில் கொண்டுவர, ஃப்ரெட்டுகளுக்கு, அதாவது கிட்டாரின் மெட்டுகளுக்கு, இடையில் உள்ள மரத்தைக் குழிவாகச் செதுக்கச் செய்தார் மெக்லாஃப்லின். கிப்சன் நிறுவனத்துக்காக ஏப்ரகாம் வெக்டர் செய்துகொடுத்த அந்தக் கிட்டாரில், வழக்கமான ஆறு தந்திகளுக்குக் குறுக்கே ஏழு துணைத் தந்திகளும் உண்டு. பலதும் வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். இன்னொருவருடைய இசைக்குள் போவதற்காகத் தன் வாத்தியத்தையே மாற்றிச் செய்து, மாணவனாக உட்கார்ந்து படித்துவிட்டுப் போகிறவர்கள் குறைவு. இவரை நான் மதிப்பது இதற்காகத்தான்.

கமகம் கேட்க 'ஜோய்' சரிவராது, வேகம் அதிகம். அதே அல்பத்தில் 'லோட்டஸ் ஃபீட்' இருக்கிறது, ஐந்து நிமிடம்கூட இல்லை. அதைக் கேளுங்கள்.

அப்புறம் தாளம். தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் மேல் மெக்லாஃப்லினுக்குத் தீராத பற்று. விநாயக்ராமின் மகன் செல்வகணேஷோடு சேர்ந்து அதைக் கற்பிக்கும் டிவிடியே வெளியிட்டிருக்கிறார். நமக்கு இது விளங்கக் கச்சேரிக்குக்கூடப் போக வேண்டியதில்லை. கூத்துக் களரியில், கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் வாயால் சொல்லும் தாளக்கட்டு அப்படியே மத்தளத்திலும் ஆட்டக்காரர் காலிலும் விழுவதைப் பார்த்தவர்கள் நாம். சொல்லாகப் பிறந்து அடியாக மாறும் தாளம் நம் காதில் ஏற்கெனவே இருக்கிறது.

அந்தக் காதோடு இப்போது பின்னால் போவோம். 1971இல் அவர் தொடங்கிய மகாவிஷ்ணு ஓர்க்கெஸ்ட்ரா. மகாவிஷ்ணு என்ற பெயர் அவருடைய குரு ஸ்ரீ சின்மோய் கொடுத்தது. 1973இல் வந்த 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' அல்பத்தின் தலைப்புப் பாட்டு பதினெட்டு எண்ணிக்கையில் சுழல்கிறது. நாலு நாலாக எண்ணிப் பழகியவர்களுக்கு அது தலைசுற்றும். பில்லி கோபமின் ட்ரம்ஸைச் சொற்கட்டாக நினைத்துக் கேளுங்கள், வழி திறக்கும். சத்தம் கூடத்தான். முதல் தடவை பாதியில் நிறுத்தினாலும் பரவாயில்லை. ஜெரி குட்மனின் வயலினை மட்டும் தவற விடாதீர்கள். சங்கர் வருவதற்கு முன்பே மெக்லாஃப்லின் தன் கிட்டாருக்குப் பக்கத்தில் ஒரு வயலினை வைத்திருந்தார்.

இடையில் ஒரு இளைப்பாறல். 1980 டிசம்பர் 5, சான் பிரான்சிஸ்கோவின் வார்ஃபீல்ட் அரங்கம். பாகோ டி லூசியா, அல் டி மியோலா, மெக்லாஃப்லின், மூன்று கிட்டார் மட்டும். 'ஃப்ரைடே நைட் இன் சான் பிரான்சிஸ்கோ' என்ற அந்த அல்பத்தில் எல்லோரும் பகிர்வது முதல் பாட்டை. அதில் மெக்லாஃப்லின் இல்லவே இல்லை! 'ஃப்ரேவோ ரஸ்காடோ' பாட்டுக்குப் போங்கள். அதில் அவரும் பாகோவும் மட்டும். ஒருவர் முன்னால் வாசிக்கும்போது மற்றவர் எப்படித் தாங்குகிறார் என்று பாருங்கள்.

சக்தி 1977இன் மூன்றாவது அல்பத்தோடு ஓய்ந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் 'ரிமெம்பர் சக்தி' என்று மீண்டும் எழுந்தது. பிறகு அதில் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் சேர்ந்தார். 2014இல் 45 வயதில் அவர் போனது பெரிய இழப்பு. 2023இல் வந்த சக்தியின் 'திஸ் மோமென்ட்' அல்பத்துக்கு 2024இல் கிராமி கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேனும் மறைந்தார். 'ஜோய்' பாட்டில் அவர் இருபத்து நாலு வயதில் வாசித்த அந்தத் தபேலாவை 'திஸ் மோமென்ட்' அல்பத்திலும் கேட்கலாம்.

(திரையில்: 'இன் எ சைலண்ட் வே' அல்பத்தின் அட்டை.)

எல்லாம் முடித்துவிட்டு 1969க்குப் போங்கள். மெக்லாஃப்லின் அமெரிக்கா வந்து இறங்கிய சில நாட்களிலேயே மைல்ஸ் டேவிஸ் அவரை ஒலிப்பதிவுக்குக் கூப்பிட்டார். 'இன் எ சைலண்ட் வே', ஜோ சாவினுல் எழுதிய மெட்டு. எடுத்த எடுப்பில் மைல்ஸுக்குத் திருப்தி இல்லை. கிட்டாரே தெரியாதவன் மாதிரி வாசி என்று அவர் சொன்னதாக மெக்லாஃப்லினே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவரும் மெட்டை உரித்து, ஒவ்வொரு சுரமாகத் தயங்கித் தயங்கி எடுத்தார். அந்த வாசிப்புத்தான் இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தைத் தொடக்கியும் முடித்தும் வைக்கிறது. இருபது நிமிடம். தொலைபேசியின் ஸ்பீக்கரில் வேண்டாம், ஹெட்போனில் கேளுங்கள்.