பிறந்த குழந்தையும் பழகிய கைகளும்

(திருகோணமலையில், நவம்பர் 17, குறைமாதக் குழந்தைகள் தினக் கூட்டத்துக்கான உரை)

அவைத் தலைவர் அவர்களே, பிரதேச செயலாளர் அவர்களே, குழந்தைநல வைத்திய நிபுணர்களே, வேலைப்பளுவுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சுகாதாரப் பணிமனை அதிகாரிகளே, மண்டபம் தந்துதவிய ஆலய பரிபாலன சபையினரே, தேநீர்ப் பொறுப்பை ஏற்ற பள்ளிவாசல் நிர்வாகத்தினரே, மூதூர், கிண்ணியா, குச்சவெளி, புல்மோட்டை எங்கிருந்தும் மாரி மழையில் வந்து சேர்ந்த குடும்பநல மாதுக்களே, தாய்மாரே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

அணை கடந்த வெள்ளம் அழுதாலும் வராது. 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததைக் கண்ட மாவட்டம் இது. இந்தப் பழமொழிக்கு இங்கே உரை சொல்லத் தேவையில்லை. பிறந்த குழந்தையின் மூச்சு, சூடு, மஞ்சள் காமாலை, கிருமித் தொற்று என்று நான்கு விடயங்களைப் பேச வந்தேன்.

பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்கு, பிறந்ததும் மூச்செடுக்க ஏதோ ஓர் உதவி வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் நன்றாகத் துடைத்து முதுகைத் தேய்த்தாலே அழுதுவிடும். அதற்கும் மூச்செடுக்காத குழந்தைக்கு, முதல் நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் வைத்துக் காற்றுக் கொடுக்கத் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை. பிழை நடப்பது கையில்தான். தலை முன்னே மடிந்தாலும் மூச்சுவழி அடைபடும், அளவுக்கு மிஞ்சிப் பின்னே சாய்ந்தாலும் அடைபடும். தோளின் கீழ் சின்னத் துணி மடித்து வையுங்கள். முகமூடி நாடி, வாய், மூக்கு மூன்றையும் மூட வேண்டும், கண்ணில் ஏறக்கூடாது. நெஞ்சு எழும்பவில்லையா, காற்று உள்ளே போகவில்லை. அப்போது பையை வேகமாக அமுக்கிப் பயனில்லை. தலையையும் முகமூடியையும் திருத்துங்கள். அணை கடந்த வெள்ளம் அழுதாலும் வராது.

சூடு பற்றிச் சுருக்கமாக: உடல் வெப்பம் 36.5 பாகைக்குக் கீழே இறங்க விடாதீர்கள். உலர்த்தி, தொப்பி போட்டு, தாயின் வெறும் நெஞ்சில் கிடத்திப் போர்த்துங்கள். ஒரு நாளாவது போகட்டும், பிறகு குளிப்பாட்டலாம்.

மஞ்சளுக்கு ஒரு கதை உண்டு. 1956, இங்கிலாந்தின் ரோச்ஃபோர்ட் வைத்தியசாலை. குறைமாதக் குழந்தைகளின் பிரிவுக்குப் பொறுப்பான தாதி, சிஸ்டர் வார்ட். வெயிலும் காற்றும் குழந்தைக்கு நல்லது என்பது அவர் எண்ணம். வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவார். ஒருநாள் வைத்தியர்கள் வந்தபோது, தயங்கித் தயங்கி ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பெல்லாம் வெளிறியிருக்க, ஓரிடத்தில் மட்டும் முக்கோணமாகக் கடும் மஞ்சள். "என்ன மருந்து பூசினீர்கள், சிஸ்டர்?" என்று கேட்டார் வைத்தியர். பூசவில்லை, வெயிலாயிருக்கும் என்றார் தாதி. விரிப்பின் நுனி மூடியிருந்த இடத்தில் மஞ்சள் அப்படியே நிற்க, வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்திருந்தது! சில வாரங்களில், யன்னலோர வெயிலில் கிடந்த, இரத்த மாதிரி இருந்த சோதனைக் குழாய் ஒன்றிலும் மஞ்சள் குறைந்திருந்தது. 1958இல் ஒளிச் சிகிச்சை பற்றிய கட்டுரை வெளிவந்தது.

இதைக் கேட்டுவிட்டு வீட்டில் வெயிலில் கிடத்தி வைத்தியம் பார்க்காதீர்கள். முதல் 24 மணித்தியாலத்தில் மஞ்சள் தெரிந்தால், உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினால், உடனே வைத்தியசாலை. மூளையில் ஏறிய மஞ்சளை மீட்க முடியாது. வைத்தியசாலையிலும் ஒளிச் சிகிச்சைக்கான நீல விளக்கு எரிந்தால் மட்டும் போதாது: பழைய விளக்கு வெளிச்சம் தரும், பலம் தராது, ஒளிமானியால் அளக்க வேண்டும். ஒளியில் கிடந்த தோல் வெளுத்துக் கண்ணை ஏமாற்றும். இரத்தத்தில்தான் அளவு பார்க்க வேண்டும்.

இதெல்லாம் தெரிந்தவர் யார்? நாள்தோறும் அதே பிரிவில் நிற்கும் தாதி. அவரைப் பழக்கியெடுத்த பின் வேறு வாட்டுக்கு மாற்றினால், அந்தப் பழக்கமும் கூடவே போய்விடும். அதிகாரிகளே, இதைத்தான் கேட்கிறோம்: குழந்தைப் பிரிவில் பயிற்சி பெற்ற தாதியரைச் சுழற்சி இடமாற்றத்திலிருந்து விலக்குங்கள். பிரசவ அறையில் மாதந்தோறும் பையும் முகமூடியும் வைத்துப் பொம்மையில் பழக நேரம் ஒதுக்குங்கள். இரவுக் கடமைக்கும் அதே தேர்ச்சியுள்ளவரை நிறுத்துங்கள். அணை கடந்த வெள்ளம் அழுதாலும் வராது.

கிருமியை விரிக்க நேரமில்லை. பால் குடிக்க மறுத்தால், நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு வாங்கினால், விடியட்டும் என்றிராமல் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழையுங்கள். இந்தக் கோரிக்கைகளின் மனு வாசல் மேசையில், தமிழிலும் சிங்களத்திலும் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள்.