ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது

நேயர்களுக்கு வணக்கம். நம் உடம்பில் ரத்தத்தோடு சுற்றித் திரிந்து கிருமியைத் தேடிப் பிடிக்கிற வெள்ளணுக்கள் மாதிரி செடியிடம் எதுவும் கிடையாது. அதனால் ஒவ்வொரு செல்லும் தன்னைத் தானே பார்த்துக்கொண்டாக வேண்டும்.

பாக்டீரியா நீந்துவதற்கு வைத்திருக்கும் கசையிழை ஃப்ளாஜெல்லின் என்ற புரதத்தால் ஆனது. அதில் 22 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சின்னத் துண்டு போதும், செல்லின் மேல்சவ்வில் நிற்கும் ஏற்பி அதைக் கண்டுகொள்ளும். சில நிமிடங்களில் கால்சியம் உள்ளே பாயும், ஹைட்ரஜன் பெராக்சைடு சுரக்கும், பிறகு கிருமி நுழைய வழியான இலைத்துளைகளும் மூடிக்கொள்ளும்.

கிருமி மட்டும் லேசுப்பட்டதா? சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இனத்தில் சில, செடியின் சொந்த ஹார்மோனைப் போல வேஷம் போடும் கொரோனட்டின் என்ற நஞ்சைச் சுரந்து, மூடிய துளையைத் திறக்கவைத்துவிடும். அப்புறம் செல்லுக்குள் தன் புரதங்களைச் செலுத்தி எதிர்ப்பையே முடக்கப் பார்க்கும்.

இங்கேதான் செடியின் கெட்டிக்காரத்தனம். வந்த திருடனின் முகம் தெரிய வேண்டாம், பூட்டு உடைந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும் இல்லையா? அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் செடியில் ரின்4 என்று ஒரு புரதம் உண்டு. கிருமி அதை வெட்டினால் ஒரு காவல் புரதம் விழித்துக்கொள்கிறது, வெட்டாமல் அதில் வேறு மாற்றம் செய்தால் இன்னொன்று விழித்துக்கொள்கிறது. விழித்தபின் பல நேரம் அந்த செல்லே செத்துப்போகும், இலையில் ஊசிமுனை அளவுப் பழுப்புப் புள்ளியாக நமக்குத் தெரிவது அதுதான். உயிருள்ள செல்லை நம்பி வாழும் கிருமிக்கு அதோடு சோறு போச்சு. ஆனால் செத்த திசுவைத் தின்னும் சாம்பல் பூஞ்சைக்கு அது விருந்து!

ஆகவே எப்போது அடக்கி வாசிப்பது என்பதும் செடிக்குத் தெரிந்தாக வேண்டும், என்னைக் கேட்டால் தாக்குவதைவிட அதுதான் கஷ்டம். ஒரே ஒரு காவல் புரதம் ஓயாமல் விழித்திருக்கும்படி மாறிப்போன அராபிடாப்சிஸ் செடி, கிருமியே இல்லாவிட்டாலும் இலை சுருண்டு குள்ளமாக நிற்கிறது. அதையே 28 டிகிரி செல்சியஸில் வளர்த்தால் ஏறக்குறைய சாதாரணமாக வளர்கிறது, ஏனென்றால் வெப்பத்தில் அந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது. புகையிலையில் தேமல் வைரஸைத் தடுக்கும் ‘N’ என்ற மரபணுவும் அப்படித்தான், 28 டிகிரியைத் தாண்டினால் கைவிட்டுவிடும், வைரஸ் செடி முழுக்கப் பரவும்.