‘டவுட்’: ஓகாரச் சந்தேகமும் ஆகாரச் சந்தேகமும்

வணக்கம் நேயர்களே.

“சார், ஒரு டவுட்.” இந்த வார்த்தை காதில் விழாத வகுப்பறை நம் ஊரில் கிடையாது. “மழை வருமான்னு டவுட்தான்” என்று பூக்கடையிலும் பேசிக்கொள்கிறோம். தமிழ்ப் பேச்சுக்குள் இருக்கும்வரை இந்தச் சொல் யாரையும் ஏமாற்றுவதில்லை. முழு ஆங்கில வாக்கியத்தில் வினைச்சொல்லாகப் போட்டு எழுதும்போதுதான், சொல்ல வந்ததற்கு நேர் எதிரான பொருளைக் கொடுத்துவிடுகிறது. அது எப்படி நடக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு. அதற்கு முன் எழுத்துக்கூட்டலைப் பார்த்துவிடுவோம்.

டி, ஓ, யு, பி, டி. ஐந்து எழுத்து. நான்காவதாக நிற்கும் ‘பி’ ஒலிப்பதே இல்லை. சிலர் அக்கறையோடு ‘டவுப்ட்’ என்று சொல்லிப் பார்ப்பார்கள். வேண்டாம். நாம் தமிழில் ‘டவுட்’ என்று எழுதுகிறோமே, அதுதான் சரியான ஒலி.

ஒலிக்காத எழுத்து எதற்கு? லத்தீனில் இதன் மூலச்சொல் ‘டுபிடாரே’. அங்கே ‘பி’ உண்டு, ஒலிக்கவும் செய்தது. அந்தச் சொல் பிரெஞ்சு மக்களின் வாயில் புழங்கித் தேய்ந்தபோது ‘பி’ உதிர்ந்துபோனது. 1200-ஐ ஒட்டி ஆங்கிலேயர்கள் பிரெஞ்சிலிருந்து கடன் வாங்கியபோது, வாங்கியதே ‘பி’ இல்லாத சொல்லைத்தான், எழுதியதும் அப்படியே. பிறகு லத்தீன் படித்த எழுத்தர்கள், மூலத்தில் ‘பி’ இருக்கிறதே என்று அதை எழுத்தில் மட்டும் செருகினார்கள். பேசும் வாய் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆகவே, இது ஒலித்து ஒலித்து ஊமையான எழுத்து இல்லை. ஆங்கிலத்தில் ஒருநாளும் ஒலித்திராத எழுத்து. கடன் என்று பொருள்படும் ‘டெட்’ என்ற சொல்லில் இருக்கும் ‘பி’-யின் கதையும் இதேதான். பிரெஞ்சுக்காரர்களும் சில காலம் ‘பி’ போட்டு எழுதிப் பார்த்துவிட்டுப் பின்னர் எடுத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் அது தங்கிவிட்டது.

இந்த ‘பி’-க்காக நாடக மேடையிலேயே ஒரு வாத்தியார் கொதித்திருக்கிறார். 1598-இல் அச்சான ஷேக்ஸ்பியரின் ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தில் ஹோலோஃபர்னிஸ் என்று ஒரு பள்ளி ஆசிரியர் வருகிறார். ‘டவுட்’ என்று சொல்கிறார்களே, ‘பி’-யைச் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும் என்பது அவர் குறை. ‘டெட்’ என்ற சொல்லுக்கு ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டியே காட்டுகிறார். அதே மூச்சில், வெறுக்கத்தக்க என்று பொருள்படும் ‘அபாமினபிள்’ என்ற சொல்லில் ‘எச்’ ஒலி வேண்டும் என்றும் வாதாடுகிறார். அந்த ‘எச்’ மூலத்திலேயே கிடையாது. மனிதன் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்று தவறாக நினைத்து அன்றைய படிப்பாளிகள் சேர்த்த எழுத்து அது. ‘எச்’ பின்னால் போய்விட்டது, ‘பி’ நின்றுவிட்டது. எழுத்துக்கூட்டலில் எது நிற்கும், எது போகும் என்பதற்கு ஒரே விதி இல்லை என்பதை இந்த ஒரு காட்சியிலேயே பார்த்துவிடலாம்.

சரி, பொருளுக்கு வருவோம். லத்தீன் சொல்லின் அடியில் இருப்பது ‘டுவோ’, அதாவது இரண்டு. நாம் “ரெண்டு மனசா இருக்கு” என்கிறோமே, அதே எண்ணம். ஜெர்மன் மொழியில் சந்தேகத்துக்கு ‘ட்ஸ்வைஃபல்’ என்று பெயர்; அதன் தலையிலும் இரண்டு என்ற எண் உட்கார்ந்திருக்கிறது. பிரெஞ்சுச் சொல் வருமுன் பழைய ஆங்கிலத்தில் இருந்த சொல்லும் இரண்டிலிருந்து பிறந்ததுதான்.

ஆனால் ஆங்கிலத்துக்குள் வந்த புதிதில் ‘டவுட்’ என்றால் அஞ்சுவது என்று பொருள். நிச்சயமில்லாமல் இருப்பது என்ற பொருள் 1300 வாக்கில்தான் பதிவாகிறது. இந்த அச்சப் பொருளை நினைவில் வையுங்கள்; திரும்ப வருவோம்.

இப்போது தவறு நடக்கும் இடம். பம்பு ஒழுகுகிறதோ என்று ஒரு மெக்கானிக்குச் சந்தேகம். வெளிநாட்டுப் பொறியாளருக்கு எழுதுகிறார்: “ஐ டவுட் தட் த பம்ப் இஸ் லீக்கிங்.” படித்தவர் என்ன புரிந்துகொள்வார்? பம்பு ஒழுகுவதாகத் தெரியவில்லை என்று. பம்பை விட்டுவிட்டு வேறெங்கோ தேடப் போவார். எழுதியிருக்க வேண்டியது “ஐ சஸ்பெக்ட்”. ஒன்று நடந்திருக்காது என்று தோன்றினால் ‘டவுட்’. நடந்திருக்கும் என்று தோன்றினால் ‘சஸ்பெக்ட்’. இரண்டுக்கும் தமிழில் சந்தேகம் என்ற ஒரே சொல்லை வைத்திருப்பதால்தான் இந்தக் குழப்பம்.

சொல் ஒன்றாக இருந்தாலும் தமிழ் இந்த வேறுபாட்டைக் கைவிடவில்லை. அதை வினையின் கடைசி எழுத்தில் வைத்திருக்கிறது. “அவன் எடுத்திருப்பானோன்னு சந்தேகம்” என்றால் எடுத்திருப்பான் என்று மனம் சாய்கிறது. “அவன் எடுத்திருப்பானான்னு சந்தேகம்தான்” என்றால் எடுத்திருக்க மாட்டான் என்று சாய்கிறது. ஓகாரமா, ஆகாரமா? அவ்வளவுதான் சோதனை. ஆங்கிலத்தில் எழுதுமுன் வாக்கியத்தை ஒருமுறை தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘வருவானோ’ என்று வந்தால் ‘சஸ்பெக்ட்’. ‘வருவானா’ என்று வந்தால் ‘டவுட்’. ‘ஒழுகுதோ’, ‘சஸ்பெக்ட்’. ‘ஒழுகுதா’, ‘டவுட்’. பேச்சுவழக்கில் சிலர் இரண்டையும் கலந்து பேசுவதுண்டு. அப்போது ‘சந்தேகம்தான்’ என்ற அந்த ‘தான்’ வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பெரும்பாலும் ‘டவுட்’ பக்கம்தான்.

அச்சப் பொருளை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? ‘வருவானோ’ என்பதில் ஒரு சின்ன அச்சம் இருக்கிறது. பழைய ஆங்கில ‘டவுட்’டில் இருந்ததும் அதுவே. ஸ்காட்லாந்துப் பேச்சில் அது இன்னும் இருக்கிறது. அங்கே ஒருவர் “ஐ டவுட் இட் வில் ரெயின்” என்றால் மழை வந்துவிடும் போலிருக்கிறது என்றுதான் பொருள். நம் மெக்கானிக்கின் வாக்கியம் அங்கே சரியாகவே போய்ச் சேர்ந்திருக்கும். பொது ஆங்கிலத்தில் அந்தப் பொருள் வழக்கொழிந்துவிட்டது.

நேரம் நெருங்கிவிட்டது, மிச்சத்தை விரைவாகச் சொல்கிறேன். “ஐ ஆம் டவுட்டிங்” என்று பொதுவாக எழுதுவதில்லை, “ஐ டவுட்” போதும். ‘டவுட்’டுக்குப் பின் ‘வெதர்’, ‘இஃப்’, ‘தட்’ மூன்றும் வரலாம். “ஐ டோன்ட் டவுட்” என்று எதிர்மறையானால் ‘தட்’ மட்டும் போடுங்கள். கேள்வி கேட்க வேண்டுமானால், வெளிநாட்டவரிடம் “ஐ ஹாவ் எ டவுட்” என்பதைவிட “ஐ ஹாவ் எ கொஸ்டின்” நல்லது. முன்னது, நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை என்பதுபோல் அவர்கள் காதில் விழக்கூடும். கடைசியாக ‘ரிடவுட்’, சிறு கோட்டை அரண். இதற்கும் ‘டவுட்’டுக்கும் உறவே இல்லை. இத்தாலிய மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த வேறு சொல் அது; ‘டவுட்’டைப் பார்த்து அதிலும் ஒரு ‘பி’-யைப் போட்டுவிட்டார்கள்.

வணக்கம்.