லேத் முன்னால் ஒரு நாவல்

நேயர்களுக்கு வணக்கம். ராலி சைக்கிளை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அது உருவான ஊர் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம். அந்த ஆலைக்குள் 14 வயதில், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போன பையன்தான் இன்று நான் பேச வந்திருக்கும் எழுத்தாளர் ஆலன் சில்லிட்டோ. 1928இல் பிறந்தவர். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நிலையான வேலையும் கிடையாது. பையன் ஆலை ஆலையாக மாறினான், உலோகத்தைக் கடைகிற லேத் இயந்திரமும் ஓட்டினான்.

அந்த லேத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச ஆசை. 1958இல் வந்த அவருடைய முதல் நாவல் 'சனிக்கிழமை இரவும் ஞாயிற்றுக்கிழமை காலையும்'. கதாநாயகன் ஆர்தர் சீட்டன், சைக்கிள் ஆலைத் தொழிலாளி. முதல் பக்கத்திலேயே மூக்குமுட்டக் குடித்துவிட்டு மாடிப்படியில் உருண்டு விழுகிறான். எல்லாரும் அந்தக் காட்சியைத்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது திங்கட்கிழமை ஆலைக்குள் நடக்கிற காட்சி.

பீஸ் ரேட் வேலை, அதாவது செய்து முடித்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. 100 உருப்படிக்கு நாலரை ஷில்லிங், அந்தக் கால இங்கிலாந்துக் காசு. ஒரு நாளைக்கு 1400 முடித்தால் போதும். காலையிலேயே 1000த்தை முடித்துவிட்டால் சாயங்காலம் வரை பேச்சும் சிரிப்புமாக ஓட்டிவிடலாம். அவனால் இன்னும் அதிகம் செய்ய முடியும், செய்ய மாட்டான். ஏன்? கூலி ஏறினால் ரேட்டைச் சரிபார்க்கிற ஆள் வந்து நிற்பான், ரேட் இறங்கும். அந்த ஆள் பின்னால் நிற்கும்போது ஆர்தர் என்ன செய்கிறான் தெரியுமா? மெதுவாகச் செய்வதில்லை, அது மாட்டிக்கொள்கிற வழி. ஒவ்வொரு அசைவையும் சுற்றி வளைத்துச் செய்கிறான். பார்க்கிறவனுக்குப் பரபரப்பாகத் தெரியும், உருப்படி மட்டும் ஏறாது! பீஸ் ரேட்டில் உழைத்த நேயர்கள் இப்போது சிரித்துக்கொண்டிருப்பீர்கள். கூலிக்காரனை 'ஐயோ பாவம்' என்று எழுதியவர்கள் ஏராளம். அவனுடைய கணக்கை, கள்ளத்தனத்தை, இவ்வளவு கிட்டத்தில் எழுத உள்ளே நின்றவரால்தான் முடியும். திரும்பச் சொல்கிறேன், உள்ளே நின்றவரால்தான்.

நின்றவர் எப்படி எழுத வந்தார்? விமானப்படையில் ரேடியோ ஆபரேட்டராக மலேயாவுக்குப் போனார். அங்கிருந்து திரும்பும் சமயத்தில் டி.பி., அதாவது காசநோய் என்று தெரிந்தது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டில், கை நிறையப் புத்தகம். பிறகு ராணுவ பென்ஷனில், ஸ்பெயினின் மயோர்கா தீவில் கவிஞர் ரூத் ஃபெயின்லைட்டோடு குடித்தனம். அங்கே பக்கத்தில் இருந்த ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ், உனக்குத் தெரிந்த நாட்டிங்ஹாமையே எழுதேன் என்றாராம். புகை படிந்த ஊரை ஆரஞ்சு மரத்தடியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்! 1960இல் அந்த நாவல் படமானபோது திரைக்கதையும் அவரே; ஆர்தராக ஆல்பர்ட் ஃபின்னி. அந்தக் காலத்து இளம் பிரிட்டிஷ் எழுத்தாளர்கள் சிலருக்குப் பத்திரிகைகள் வைத்த பேர் 'கோபக்கார இளைஞர்கள்'; அந்தப் பட்டியலில் இவரையும் சேர்த்தன. அவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்காது, ஆர்தரிடம் கோபத்தைவிடக் குறும்பு அதிகம்.

நேரம் முடிகிறது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். 1959இல் வந்த அவருடைய நெடுந்தூர ஓட்டக்காரன் கதையைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்ட ஸ்மித் என்ற பையன். அவனை ஓட்டப் பந்தயத்தில் ஓடவிட்டு, கோப்பை வாங்கிப் பேர் எடுக்க நினைக்கும் பள்ளி அதிகாரி. முன்னால் ஓடிவந்த பையன் எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்பு நின்றுவிடுகிறான், பின்னால் வருகிறவன் ஜெயிக்கட்டும் என்று. ஏன் நின்றான் என்பதை அவன் வாயாலேயே படியுங்கள். 2010இல் காலமாகும் முன் அவர் எழுதிய கவிதைகளுக்கு இன்று நேரமில்லை. நன்றி, வணக்கம்.