ஆலைக்குள் வீடு: வெளிச்சம் எங்கிருந்து வரும்?

நேயர்களுக்கு வணக்கம். ஓட்டம் நின்றுபோன ஆலை ஒன்றை அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றப் போகிறார்கள் என்றதும் முதலில் எழும் கேள்வி, "அவ்வளவு பழைய கட்டடம் தாங்குமா?" என்பதுதான். பெரும்பாலும் தாங்கும். டன் கணக்கில் எந்திரங்கள் அதிர்ந்துகொண்டிருந்த தளத்துக்குக் கட்டிலும் பீரோவும் ஒரு பாரமா? என் கவலை வேறு. வெளிச்சம்.

ஆலைக்கூடத்தின் அகலத்தை நினைத்துப்பாருங்கள். இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் ஜன்னல்கள், நடுவில் தடுப்பே கிடையாது. அதனால் இரு பக்கத்து வெளிச்சமும் உள்ளே வந்தது. வீடுகளாகப் பிரிக்கும்போது நடுவில் ஒரு நடைவழி விட்டு, இப்பக்கம் ஒரு வரிசை, அப்பக்கம் ஒரு வரிசை என்று சுவர் எழுப்புகிறார்கள். தீர்ந்தது! ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கத்து ஜன்னல்தான் மிச்சம். முன்னறை பளிச்சென்று இருக்கும். உள்ளறையில் பகலிலும் விளக்கு எரியும். குளியலறையையும் சாமான் அறையையும் இருட்டுப் பக்கம் தள்ளலாம். எத்தனை குளியலறைதான் கட்டுவது? கடைசியில் படுக்கையறையும் அங்கேதான் போய்ச் சேரும்.

நடுத்தளத்தை வெட்டித் திறந்து முற்றம் வைக்கலாம். விற்கும் இடம் குறைகிறதே என்று முதல் போட்டவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். வியன்னாவில் 1899-இல் கட்டி முடித்த நான்கு எரிவாயுத் தொட்டிகளை, செங்கல் வெளிச்சுவரை நிறுத்திக்கொண்டு, 2001-இல் குடியிருப்பாக்கினார்கள். அங்கும் உள்ளே முற்றம் உண்டு.

கோபன்ஹேகன் கதையைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. துறைமுகத்தையொட்டி, சோயா ஆலைக்குச் சொந்தமான இரண்டு கான்கிரீட் குதிர்கள். ஜன்னல் என்ற பேச்சே இல்லை. சுவரில் நிறையத் துளையிட்டால் குதிரின் பலம் போய்விடும். எம்.வி.ஆர்.டி.வி. என்ற டச்சுக் கட்டடக்கலை நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? வீடுகளைக் குதிருக்குள் வைக்கவே இல்லை. வெளியே, சுவரைச் சுற்றித் தொங்கவிட்டது! 2005-இல் முடிந்த வேலை, 84 வீடுகள். குதிரின் வயிற்றில் மாடிப்படியும் லிஃப்டும்தான், மற்றதெல்லாம் வெற்றிடம். 'கட்டடத்துக்குள்தான் வீடு' என்ற பிடிவாதத்தை விட்டதும் வெளிச்சம் கிடைத்துவிட்டது, பாருங்கள்.

வீடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. விளம்பரப் படங்களெல்லாம் ஜன்னலோரத்தில் எடுத்தவை. பட்டப்பகலில் போய், எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லிவிட்டுக் கடைசி அறையில் நில்லுங்கள். மறுபடியும் சொல்கிறேன், விளக்கை அணைக்கச் சொல்லுங்கள்.

நேரமாகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. சுவர் ஈரத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். சுருக்கமாகச் சொன்னால், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். மண்ணில் பழைய எண்ணெயும் ரசாயனமும் ஊறியிருக்கலாம், ஆய்வு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டா என்றும் கேளுங்கள். மரத்தளங்களில் மேல்வீட்டுக் காலடிச் சத்தம் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு இன்று நேரமில்லை. வணக்கம்.